ஒரு சின்னப் புத்தகமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்: கட்டுப்பாட்டியலைத் தானாகக் கற்க முழுமையான வழிகாட்டி

பல வருஷத்துக்கு முன்பு ஒரு திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு நீர்விழா) சமயத்தில், யாங்கூனில் எங்கள் தெரு அக்கா ஒருவர் தன் வீட்டு ஸ்டெபிலைசரை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "தம்பி, இது ராத்திரி பூரா உறங்க மாட்டேங்குது, உர்ரு உர்ருன்னு சத்தம்" என்றார். மூடியைக் கழற்றினேன். சர்வோ வகை. வட்டமான காயிலின் மேல் ஒரு கார்பன் துண்டை சின்ன மோட்டார் ஒன்று நகர்த்தும். வோல்டேஜ் குறைந்தால் ஒரு பக்கம், கூடினால் மறுபக்கம். அன்று அந்த மோட்டார் இரண்டு பக்கமும் ஓயாமல் ஆடியது. மீட்டர் முள் 215-க்கும் 235-க்கும் நடுவே போய்ப் போய் வந்தது. போர்டில் இருந்த பிரீசெட்டை, அதாவது அளவைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை, கால் சுற்று திருப்பினேன், ஆட்டம் நின்றது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் காட்டிய கைப்பழக்கம் அது. ஏன் நின்றது என்று அக்காவும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

அந்த 'ஏன்' என்னை விடவில்லை. பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பற்றிய மெலிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நூற்றுச் சொச்சம் பக்கம். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், எட்டு மாதம் ஆனது. சின்னப் புத்தகம் எழுதுகிறவர் பக்கத்தை மிச்சப்படுத்தத்தான் வேண்டும். அதற்காக அவர் விடுவது எடுத்துக்காட்டுகளை. சூத்திரம் அப்படியே இருக்கும், அது எந்தப் பொருளில் எப்படி நடக்கிறது என்பது இருக்காது. அதை நாம்தான் நம் வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான்: ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள், அதையே முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை சுமந்து போ.

தொடங்கும் முன்

வகைக்கெழு என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். ஒரு அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே வகைக்கெழு, அவ்வளவுதான். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், நூறு டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், விநாடி காட்டும் கைபேசி. கணினி இருந்தால் நல்லது. ஆக்டேவ், சைலேப் என்ற கணக்கு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஆனால் முதல் மாதம் அதைத் தொடாதீர்கள். கரண்டு எப்போது வரும் என்று காத்திருக்காமல் படிக்கலாம் என்பது ஒரு காரணம். கையால் போட்ட கணக்குதான் விரலில் தங்கும் என்பது பெரிய காரணம்.

எந்தப் பொருளை எடுப்பது? எங்கள் ஊர் வீடுகளில் கரண்டு வந்ததும் முதலில் ஓடுவது தண்ணீர் மோட்டார்தான். கீழ்த் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். ஆகவே மாடித் தொட்டியையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் படம் போடுங்கள்

எல்லாத் தொடக்க நூலும் ஃபீட்பேக்கில்தான் தொடங்கும், தமிழில் பின்னூட்டம். வேண்டிய அளவு ஒன்று, இருக்கும் அளவு ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிழை. அந்தப் பிழையைப் பார்த்து ஏதோ ஒன்றைத் திருப்புகிறோம், திருப்பியதால் இருக்கும் அளவு மாறுகிறது, மறுபடி பிழையைப் பார்க்கிறோம். புத்தகத்தில் இது பெட்டிகளும் அம்புகளுமாக இருக்கும். அதைப் பார்த்து எழுதாமல், உங்கள் தொட்டிக்கு நீங்களே போடுங்கள். எது அளக்கிறது, எது முடிவு செய்கிறது, எது வேலை செய்கிறது, வெளியிலிருந்து எது தொந்தரவு செய்கிறது. கீழ்வீட்டில் குழாய் திறப்பது தொந்தரவு, மிதவை அளக்கிறது, மோட்டார் வேலை செய்கிறது. ஒவ்வொரு அம்பின் மேலும் அது எதைச் சுமக்கிறது என்று அலகோடு எழுதுங்கள்: சென்டிமீட்டரா, லிட்டரா, வோல்ட்டா. அலகு எழுதாத படத்தை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. பிறகு வரும் தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

படி 2: ஒரு டம்ளர் சுடுதண்ணீர்

இரண்டாம் அத்தியாயத்தின் பொருள், ஒரு பொருளுக்குக் கணக்கு மாதிரி (மாடல்) அமைப்பது. இதற்குத் தொட்டியை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளருக்கு வாருங்கள். கொதித்த தண்ணீரை ஊற்றி தெர்மாமீட்டரை விடுங்கள். 90 டிகிரிக்கு வந்ததும் நேரத்தைக் குறியுங்கள், அப்புறம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். அறை 30 டிகிரி என்றால் இடைவெளி 60. அது எப்போது 22 ஆகிறது, அதாவது தண்ணீர் எப்போது 52 டிகிரிக்கு வருகிறது என்று பாருங்கள். என் டம்ளரில் 28 நிமிடம். அந்த 28 நிமிடம்தான் நேர மாறிலி. ஒரு நேர மாறிலிக்குள் பயணத்தில் 63 விழுக்காடு முடிந்துவிடும், நான்கு நேர மாறிலிக்குள் 98 விழுக்காடு. புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். நீங்கள் ஒரு மணி நேரம் டம்ளர் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த வளைவு முதலில் எப்படிச் சரிகிறது, கடைசியில் எப்படித் தவழ்கிறது என்பது கண்ணில் பதிந்துவிடும்.

அளந்த புள்ளிகள் சூத்திரத்தோடு அச்சாகப் பொருந்தாது. தொடக்கத்தில் கொஞ்சம் வேகமாக ஆறியிருக்கும், ஏனென்றால் ஆவி பறக்கும்போது அதுவும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பொருத்தமின்மையை அழிக்காமல் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி என்பது எவ்வளவு தூரத்துக்கு நம்பலாம் என்பதை அது சொல்லும்.

படி 3: தொட்டியைக் கையால் ஓட்டுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. இரண்டு ஞாயிறு ஒதுக்குங்கள்.

தொட்டியின் அடிப்பரப்பு 1 சதுர மீட்டர். ஆகவே 1 சென்டிமீட்டர் உயர்வதற்கு 10 லிட்டர் வேண்டும். வேண்டிய உயரம் 100 செ.மீ., இப்போது இருப்பது 80. வீட்டில் நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவாகிறது. விதி இது: பிழை எத்தனை செ.மீ.யோ அதை 2-ஆல் பெருக்கி, அத்தனை லிட்டரை ஒரு நிமிடத்துக்கு உள்ளே விடு. இந்த 2-க்குப் பெயர் கெயின், பெருக்கம் என்று சொல்லலாம்.

முதல் நிமிடம்: பிழை 20, உள்ளே 40 லிட்டர், வெளியே 10, மிச்சம் 30 லிட்டர். மட்டம் 3 செ.மீ. ஏறி 83. அடுத்த நிமிடம்: பிழை 17, உள்ளே 34, மிச்சம் 24, மட்டம் 85.4. அடுத்தது 87.32. இப்படி இருபது வரி போடுங்கள். மட்டம் ஏறிக்கொண்டே போய் 95-க்குப் பக்கத்தில் சோர்ந்துவிடும். நூறுக்கு வரவே வராது. ஏன் என்று கணக்கே காட்டிக்கொடுக்கிறது. பிழை 5 இருந்தால்தான் 10 லிட்டர் உள்ளே வரும், அந்த 10 லிட்டர் செலவுக்கே சரியாகப் போய்விடும். பிழை இல்லாவிட்டால் தண்ணீரே வராது. நிலைத்த பிழை என்று புத்தகத்தில் வருவது இதுதான்.

இப்போது 95-லிருந்து எவ்வளவு தூரம் என்று பக்கத்தில் ஒரு பத்தி போடுங்கள்: 15, 12, 9.6, 7.68. ஒவ்வொரு எண்ணும் முந்தியதன் 0.8 மடங்கு. முதல் முறை இதைக் கண்டபோது நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். போல் (pole) என்றும் முனைவு என்றும் பத்துப் பக்கத்துக்குப் பயமுறுத்திய விஷயம் இந்த ஒரே எண்தான்.

அடுத்து, கெயினை மாற்றிப் போடுங்கள். அந்த மடங்கு எப்போதும் 1-லிருந்து கெயினின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது. கெயின் 4 என்றால் மடங்கு 0.6, வேகம் கூடும், நிலைத்த பிழை 2.5-ஆகக் குறையும். கெயின் 10 என்றால் மடங்கு சுழியம், ஒரே எட்டில் போய்ச் சேரும். சரி, இன்னும் கூட்டலாமே என்று தோன்றும். தாளில்தானே போடுகிறோம், தேவைப்பட்டால் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டவும் முடியும் என்று வைத்துக்கொண்டு 15 போடுங்கள். மடங்கு −0.5. மட்டம் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, ஆடி ஆடி அடங்கும். 20 போட்டால் −1, ஆட்டம் நிற்கவே நிற்காது. 25 போட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது.

அக்காவின் ஸ்டெபிலைசர் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. வோல்டேஜை அளந்து, மோட்டாருக்குச் சொல்லி, கார்பன் துண்டு நகர்ந்து நிற்பதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது. அதற்குள் வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. நான் திருப்பிய பிரீசெட், சின்னப் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடும் இடைவெளியை அகலப்படுத்தியது. 220-ஐ ஒட்டிச் சில வோல்ட் இப்படி அப்படி இருந்தால் மோட்டார் சும்மா இருக்கும். துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம், கார்பன் தேயாமல் பிழைத்தது. மாடித் தொட்டி மிதவை சுவிட்ச் ஒரு மட்டத்தில் போட்டு வேறொரு மட்டத்தில் அணைப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

படி 4: லாப்லாஸ் பக்கங்களை எப்படிக் கடப்பது

பாதிப் பேர் புத்தகத்தை மூடிவைப்பது இங்கேதான். நேரத்தை வைத்து எழுதிய சமன்பாட்டை s என்ற குறியை வைத்து மாற்றி எழுதுவதுதான் லாப்லாஸ் முறை. முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று வரி போதும்: வகைக்கெழு எடுப்பது s-ஆல் பெருக்குவதாகிறது, தொகையிடுவது s-ஆல் வகுப்பதாகிறது, தாமதம் ஒரு அடுக்குக்குறிப் பெருக்கலாகிறது. வகைக்கெழுச் சமன்பாடு சாதாரண இயற்கணிதமாக மாறிவிடுகிறது, அதுதான் லாபம்.

நம் பொருள்களை வைத்து எழுதிப் பாருங்கள். தொட்டி என்பது 10s-இன் கீழ் 1, அதாவது 1/(10s). டம்ளர் என்பது 1/(28s + 1). தொட்டிக்குக் கெயின் 2 வைத்துப் பின்னூட்ட வளையத்தை மூடினால், அதாவது மட்டத்தைப் பார்த்தே தண்ணீர் விட்டால், 0.2/(s + 0.2) வரும். கீழே உள்ளதைச் சுழியமாக்கும் s = −0.2, அதுதான் முனைவு. 1-ஐ 0.2-ஆல் வகுத்தால் 5 நிமிடம், அது நேர மாறிலி. நோட்டில் உள்ள 0.8 எங்கே போனது? e-க்கு −0.2 அடுக்குப் போட்டால் 0.819. நாம் நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துப் போட்ட கணக்கில் 0.8. ஒரே விஷயத்தின் இரண்டு முகம். இந்தப் பொருத்தத்தை நீங்களே போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

படி 5: நிலைத்தன்மை

என் தாத்தா பசுண்டாங் கால்வாய்க் கரையில் ஒரு அரிசி ஆலையில் இன்ஜின் அறையில் இருந்தவர். உமியை எரித்து ஓடும் நீராவி இன்ஜின். அதன் தலையில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுற்றும். அதைக் கவர்னர் என்பார். வேகம் கூடினால் குண்டுகள் அகலும், அகன்றால் நீராவி வால்வு மூடும், வேகம் இறங்கும். சில நாள் இன்ஜின் மூச்சு வாங்குகிற மாதிரி வேகமும் மந்தமுமாக மாறி மாறி ஓடும் என்று சொல்வார்.

ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இன்ஜினுக்குக் கொண்டுவந்த கவர்னர் அது. அது ஏன் சில நேரம் இப்படி ஆடுகிறது என்று 1868-இல் கணக்குப் போட்டு எழுதியவர் மின்காந்தவியலில் நாம் படிக்கும் அதே மேக்ஸ்வெல். சமன்பாட்டின் மூலங்கள் எல்லாம் எதிர் எண் பக்கம் இருந்தால் ஆட்டம் அடங்கும், ஒன்று நேர் எண் பக்கம் வந்தாலும் வளரும் என்று காட்டினார். மூலத்தைக் கண்டுபிடிக்காமலேயே சொல்லும் வழியைக் கணித அறிஞர் ரௌத் 1877-இல் கொடுத்தார். புத்தகத்தில் ரௌத் அட்டவணை பெரிதாக இருக்கும். முதல் வாசிப்பில் s³ வரை போகும் சமன்பாட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும்: s³ + as² + bs + c என்றால், எல்லாம் நேர் எண்ணாக இருந்து, a-யையும் b-யையும் பெருக்கியது c-யைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஐந்து சமன்பாடு நீங்களே எழுதிச் சோதியுங்கள், பிறகு கணினியில் மூலங்களை எடுத்துச் சரிபாருங்கள்.

படி 6: தாமதத்துக்கு ஒரு தனி நாள்

சின்னப் புத்தகங்கள் தாமதத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் கடையில் நான் பார்க்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை தாமதத்தால் வருபவை.

சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் ஷவரில் நின்று பாருங்கள். குமிழைத் திருப்பி 5 விநாடி கழித்துத்தான் தலையில் வித்தியாசம் தெரிகிறது என்று வையுங்கள். பொறுமையில்லாமல் திருப்பினால், சுடுவதும் குளிர்வதுமாக மாறி மாறி வரும். ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள், 20-ஐ ஒட்டி வரும். பிழைக்கு ஏற்றபடி குமிழைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருக்கும் வளையத்தில், அடங்காத ஆட்டத்தின் காலம் தாமதத்தைப் போல் நான்கு மடங்கு. இது கணக்கிலிருந்து நேராக வருகிறது. நம் தொட்டிக்கும் அதே கணக்குதான். படி 4-இல் கெயின் 2-க்கு வந்த 0.2-ஐத் தாமத நிமிடத்தால் பெருக்கினால் 1.57-க்குள் இருக்க வேண்டும், அதாவது கெயின் 2-இல் ஏறக்குறைய 7.8 நிமிடத் தாமதம் வரை தாங்கும். கெயினை 4 ஆக்கினால் அதில் பாதிதான் தாங்கும். அளவி எவ்வளவு மந்தமோ அவ்வளவு மெதுவாகத்தான் நாம் நடந்துகொள்ள வேண்டும்.

படி 7: பி, ஐ, டி

இந்த அத்தியாயம் கடைசியில் இருக்கும். நான் மாணவர்களை இதற்கு முன்கூட்டியே கூட்டி வந்துவிடுவேன், படித்தது கைக்கு வேலை செய்யும் இடம் இது.

பி என்பது நாம் ஏற்கெனவே போட்ட கெயின். ஐ என்பது பழைய பிழைகளையெல்லாம் கூட்டி வைத்துக்கொள்வது. நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, இதுவரை வந்த பிழைகளின் கூட்டலை எழுதுங்கள். உள்ளே விடும் தண்ணீர் = பிழை × 2 + கூட்டல் × 0.1. முதல் வரியில் கூட்டல் சுழியம். இப்போது மட்டம் 95-இல் நிற்காது. 18-ஆம் நிமிடத்தில் 100-ஐத் தொட்டு, அதற்கு மேல் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறி, மெல்லத் திரும்பி அமரும். கூட்டல் 100-இல் நிற்கும். 100 × 0.1 = 10 லிட்டர், வீட்டுச் செலவு. அதாவது வீட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று யாரும் சொல்லாமலே அது கண்டுபிடித்துவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணம் இது. 0.1-ஐ 0.5 ஆக்கினால் நன்றாக ஆடி அடங்கும், 2 ஆக்கினால் அடங்காது. மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

ஐ-யில் எங்கள் ஊருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. கட்டுப்படுத்தும் போர்டு பேட்டரியில் ஓடுகிறது, மோட்டார் தெருக் கரண்டில் ஓடுகிறது என்று வையுங்கள். கரண்டு போனதும் மட்டம் இறங்குகிறது, பிழை வளர்கிறது, போர்டு அந்தப் பிழையை நிமிடம் நிமிடமாகக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. நான்கு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்ததும் மலைபோல் குவிந்த கூட்டல், தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை நிறுத்த விடாது. நான் முதன்முதலாகச் செய்து கொடுத்த போர்டு இப்படித்தான் ஒரு வீட்டு மொட்டைமாடியை நனைத்தது. மருந்து எளிது: மோட்டார் ஓடாதபோதும், அது தன் உச்சத்தில் ஓடும்போதும் கூட்டலை நிறுத்தி வை.

டி என்பது பிழை எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே பிரேக் பிடிப்பது. அளவீட்டில் சலசலப்பு இருந்தால் டி அதையும் பெருக்கிவிடும். தண்ணீர் விழும்போது தொட்டியில் அலை அடிக்கும், அங்கே டி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எண்களை எங்கிருந்து எடுப்பது? 1942-இல் சீக்லர், நிக்கல்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் சொன்ன வழி புத்தகத்தில் இருக்கும். ஐ, டி இரண்டையும் அணைத்துவிட்டு, ஆட்டம் அடங்காமல் ஒரே அளவில் நிற்கும் வரை கெயினைக் கூட்டு. அந்தக் கெயினில் 0.6 பங்கு பி, அந்த ஆட்டக் காலத்தில் பாதி ஐ-யின் நேரம், எட்டில் ஒன்று டி-யின் நேரம். பி-யை ஐ-யின் நேரத்தால் வகுத்தால், நாம் 0.1 என்று போட்ட எண்ணின் இடத்தில் போட வேண்டியது வரும். இது கொஞ்சம் முரட்டுத்தனமாக ஓட்டும். நான் அதில் கிடைக்கும் கெயினைப் பாதியாக்கி அங்கிருந்து தொடங்குவேன். ஓடுகிற பெரிய இயந்திரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

படி 8: அதிர்வெண் அத்தியாயம்

ரப்பர் பேண்டில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேல்முனையைப் பிடித்து மிக மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், பூட்டு கையோடு சேர்ந்து வரும். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுங்கள். ஒரு வேகத்தில் கை அசைவது விரலளவு, பூட்டு குதிப்பது சாணளவு. இன்னும் வேகமாக ஆட்டினால் பூட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும், உற்றுப் பார்த்தால் கை ஏறும்போது அது இறங்கும். போடே வரைபடத்தின் இரண்டு கோடுகளும் உங்கள் கையில் இருக்கின்றன: எவ்வளவு பெரிதாகிறது என்பது ஒன்று, எவ்வளவு பின்தங்குகிறது என்பது மற்றது. டெசிபெல் கண்டு மிரள வேண்டாம், 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. வளையத்தைச் சுற்றிப் போன சிக்னல் 180 டிகிரி, அதாவது அரை ஆட்டம், பின்தங்கி, அளவும் குறையாமல் திரும்பி வந்தால் ஆட்டம் நிற்காது. அந்த இடத்துக்கு நாம் எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதுதான் விளிம்பு என்று புத்தகம் கணக்கிடுவது.

ரூட் லோகஸ் அத்தியாயத்தை முதல் சுற்றில் படம் மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டலாம். கெயினைக் கூட்டும்போது முனைவு எங்கே நகர்கிறது என்ற படம் அது. மூன்றாம் படியில் 0.8, 0.6, 0, −0.5 என்று நீங்கள் போட்ட வரிசையும் அதே வகைப் பயணம்தான். நிலை-வெளி (ஸ்டேட் ஸ்பேஸ்) அத்தியாயம் இருந்தால் அதற்கு அணிகள் (மேட்ரிக்ஸ்) தெரிய வேண்டும், இரண்டாம் வாசிப்புக்கு வையுங்கள்.

புத்தகத்தை மூடும் முன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பெட்டிப் படம் அலகோடு போடுங்கள். அடிப்பரப்பு 2 சதுர மீட்டராக உள்ள தொட்டிக்கு எந்தக் கெயினில் ஆட்டம் அடங்காமல் போகும் என்று நிமிடக் கணக்கில் கண்டுபிடியுங்கள். அப்புறம், அதே தொட்டிக்கு 3 நிமிடத் தாமதத்தோடு இருபது வரி போட்டு, கெயினை எவ்வளவு குறைத்தால் ஆட்டம் அடங்குகிறது என்று பாருங்கள். இரண்டாவதற்கு விடை 40. அது வராவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்பி, 1 சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.